துறுதுறுப்பான பிள்ளைக்கு ஃபிட்ஜெட் பொம்மை: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

ஃபிட்ஜெட் பொம்மை (சும்மா இருக்க முடியாத கைக்கோ காலுக்கோ அசைக்கக் கொடுக்கும் சிறு பொருள்) வாங்கிக் கொடுத்தும் பிரயோஜனம் இல்லை என்று சொல்லும் பெற்றோர் பலரிடம் பேசியிருக்கிறேன். பெரும்பாலும் பொம்மையில் குறை இருக்காது, வரிசையில்தான் இருக்கும். பொம்மையை முதலில் வாங்கிவிட்டுப் பிள்ளையை அப்புறம் கவனிக்கிறார்கள். பிள்ளையின் உடம்பு ஏற்கெனவே எந்த அசைவைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். அதே அசைவைச் சத்தமில்லாமலும் கண்ணை இழுக்காமலும் செய்ய ஒரு பொருளைக் கொடுப்பதுதான் மொத்த வேலையும்.

5 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். 3 வயதுக்குக் கீழே இருந்தால் இது தேவையே இல்லை. அந்த வயதில் ஓரிடத்தில் உட்காராமல் இருப்பதுதான் இயல்பு.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு சின்ன நோட்டு, ஒரு கடிகாரம், அவசரப்படாமல் கவனிக்க ஒரு வாரம். வகுப்பாசிரியரிடம் ஒரு தடவை பேசிவிடுங்கள். வீட்டில் நாள் முழுக்க நெளியும் பிள்ளை வகுப்பில் அமைதியாக இருக்கலாம், நேர்மாறாகவும் இருக்கலாம். இது தெரியாமல் வாங்கினால் தேவையில்லாத இடத்துக்குப் பொம்மை வாங்கியதாகிவிடும்.

1. பொம்மையால் தீராத காரணங்களை முதலில் விலக்குங்கள்

தூக்கம் போதாத பிள்ளை பல நேரம் சோர்ந்து படுக்காது, அதிகமாகத் துள்ளும். 6 முதல் 12 வயதுக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதில் ஒரு மணி நேரம் குறைகிறது என்றால் அதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை.

அடுத்து, பார்வையும் காதும். கரும்பலகை மங்கலாகத் தெரிகிற பிள்ளைக்கும், பின்வரிசையில் பாதிச் சொற்கள் மட்டுமே கேட்கிற பிள்ளைக்கும் பாடம் பிடிபடாது. பிடிபடாத பாடத்தின் முன்னால் யாராக இருந்தாலும் நெளிவார்கள். பாடம் வயதுக்கு மீறிக் கடினமாக இருந்தாலும் இதேதான். ஒரே ஒரு பாடத்தில் மட்டும் துறுதுறுப்பு வருகிறது என்றால் உட்காரும் விதத்தை விட்டுவிட்டு அந்தப் பாடத்தைப் பாருங்கள்.

பசி, சிறுநீர் அடக்கி உட்காருவது, நாள் முழுக்க ஓடியாட இடமில்லாதது, வீட்டிலோ பள்ளியிலோ ஏதோ பயம் என்று இன்னும் சில உண்டு. இவற்றை ஒருமுறை யோசித்துப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

2. உடம்பு என்ன கேட்கிறது என்று எழுதிவையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். பொம்மையைத் தேர்ந்தெடுப்பதில் முக்கால்வாசி இங்கேயே முடிந்துவிடும் என்பதால் இதில்தான் நேரம் செலவழிக்கச் சொல்வேன்.

தினமும் இரண்டு நேரங்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வீட்டுப்பாடம் எழுதும் நேரம், மற்றொன்று கதை கேட்கும்போதோ யாருக்காகவாவது காத்திருக்கும்போதோ. பத்து நிமிடம் பேசாமல் பக்கத்தில் இருங்கள். “சும்மா உட்காரு” என்று சொல்லவே கூடாது. சொன்னால் பிள்ளை அடக்கிக்கொள்ளும், நீங்கள் பார்க்க வேண்டியது மறைந்துபோகும்.

எழுத வேண்டியது நான்கு: உடம்பின் எந்தப் பாகம் அசைகிறது, என்ன மாதிரி அசைவு, எதைச் செய்யும்போது வருகிறது, அசையும்போது வேலை நடக்கிறதா நின்றுபோகிறதா.

நான்காவதுதான் மிக முக்கியம். கணக்குப் போடும்போது காலை ஆட்டுகிறான், கால் ஆடிக்கொண்டே விடையும் சரியாக வருகிறது என்றால் அந்த அசைவு அவனுக்குத் துணை. அதை நிறுத்தினால் கணக்கும் நின்றுவிடக்கூடும். நாற்காலியைப் பின்னால் சாய்க்கும் ஒவ்வொரு முறையும் பென்சில் நின்றுவிடுகிறது என்றால் அது வேலையைத் தின்கிற அசைவு. முதல் வகைக்குப் பொம்மையே வேண்டாம், விட்டுவிடலாம். இரண்டாவதற்குத்தான் மாற்று தேட வேண்டும்.

“ரொம்ப துறுதுறு” என்று எழுதி வைக்காதீர்கள், அதை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. “இடது கைக் கட்டைவிரலால் சட்டை ஓரத்தைத் திரும்பத் திரும்பத் தேய்க்கிறாள், ஆசிரியர் பேசும்போது மட்டும், எழுதும்போது இல்லை” என்று எழுதினால் பாதி விடை அதிலேயே இருக்கிறது. அவளுக்கு வேண்டியது தேய்க்க ஒரு பரப்பு, காது மட்டும் வேலை செய்யும் நேரத்துக்கு. அமுக்கும் பந்து கொடுத்தால் இரண்டு நாளில் கீழே கிடக்கும்.

3. எந்த நேரத்துக்கு என்று முடிவு செய்யுங்கள்

கேட்கும்போது இரண்டு கையும் சும்மா இருக்கிறது. வாசிக்கும்போது ஒரு கை பக்கத்தைப் பிடிக்கும். எழுதும்போது ஒரு கை எழுத, மற்றொரு கை தாளை நகராமல் அழுத்திப் பிடிக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது கை விலகினால் எழுத்து கோணிக்கொண்டு போகும்.

ஆகவே எழுதும் நேரத்துக்குக் கைப்பொம்மை வேண்டாம். அந்த நேரத்தில் காலுக்குத்தான் ஏதாவது கொடுக்க வேண்டும். “கையில் பொம்மையைக் கொடுத்தேன், எழுத்து கெட்டுப்போனது” என்று வருத்தப்படுகிறவர்களுக்கு நான் முதலில் கேட்கும் கேள்வியே எந்தக் கையில், எந்த நேரத்தில் என்பதுதான்.

4. அசைவுக்கு ஏற்ற வகையைப் பொருத்துங்கள்

*அமுக்குகிற, பிசைகிற, முறுக்குகிற பிள்ளை.* அழிப்பானைப் பிய்த்துப் பிசைகிறது, பென்சிலை உடையும் அளவுக்குப் பிடிக்கிறது என்றால் தசைக்கும் மூட்டுக்கும் எதிர்ப்பு தேவைப்படுகிறது. அமுக்கும் பந்து, புட்டி (putty, களிமண் போலப் பிசையும் இழுவைப் பசை) ஆகியவை இந்த வகை. இதில் கவனிக்க வேண்டியது இறுக்கம். விரலை வைத்ததும் அமுங்கிவிடும் மெத்தென்ற பொம்மை கடையில் வாங்கத் தூண்டும், ஆனால் இந்தப் பிள்ளைக்கு அதனால் எதுவும் கிடைக்காது. முழுக் கையாலும் அழுத்தினால்தான் அமுங்க வேண்டும், விட்டதும் மெல்லப் பழைய வடிவத்துக்கு வர வேண்டும். புட்டியில் மென்மையானது முதல் கடினமானது வரை பல தரம் உண்டு. நடுத்தரத்தில் தொடங்கி ஏற்றுவதோ இறக்குவதோ செய்யுங்கள்.

*தேய்க்கிற, தடவுகிற பிள்ளை.* வெல்க்ரோ பட்டை (பையிலும் செருப்பிலும் ஒட்டிப் பிரிக்கும் பட்டை) போதும். அது ஜோடியாக வரும், ஒரு பட்டை சொரசொரப்பு, மற்றது மென்மை. இரண்டிலும் விரல் நீளத்துக்கு வெட்டி மேசையின் அடிப்பக்கம், பிள்ளையின் கை இயல்பாகப் போகும் இடத்தில் ஒட்டுங்கள். எந்தப் பட்டையைத் தேடுகிறது என்று இரண்டு நாளில் தெரிந்துவிடும். கீழே விழாது, தொலையாது, பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியாது. இத்தனை நல்ல குணமும் ஒன்றாகச் சேர்ந்த வேறு பொருளை நான் பார்க்கவில்லை.

*உருட்டுகிற, நகர்த்துகிற பிள்ளை.* மூடியைத் திருகித் திறப்பது, கயிற்றை விரலில் சுற்றுவது போன்றவை. வளைந்த துண்டுகளைக் கோத்த சங்கிலிப் பொம்மை, வலைத்துணி உறைக்குள் ஒரு கோலிக்குண்டு முன்னும் பின்னும் ஓடும் பொம்மை இரண்டும் இதற்குப் பொருந்தும். இரண்டுமே பார்க்காமல் செய்யக்கூடியவை.

*கடிக்கிற பிள்ளை.* பென்சில் முனை, சட்டைக் காலர், நகம். இதற்குக் கைப்பொம்மை கொடுத்தால் அதுவும் வாய்க்குத்தான் போகும். கடிப்பதற்கென்றே உணவுத் தர சிலிக்கானில் செய்து பென்சில் முனையில் மாட்டும் உறைகள் கிடைக்கின்றன. உறிஞ்சு குழாய் வைத்த தண்ணீர் பாட்டில் பக்கத்தில் இருந்தாலே சில பிள்ளைகளுக்குப் போதும்.

*தோலைப் பிய்க்கிற, நகக்கண்ணை உரிக்கிற பிள்ளை.* பிய்ப்பதற்குப் பதில் பிய்ப்பது போன்ற வேலைதான் வேண்டும். கடினமான புட்டியிலிருந்து துளித்துளியாகக் கிள்ளி எடுப்பது நன்றாக வேலை செய்யும். தோல் புண்ணாகும் அளவுக்குப் போனால் பொம்மையோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

*காலாட்டுகிற, எழுந்து எழுந்து உட்காருகிற பிள்ளை.* நாற்காலியின் முன்கால்கள் இரண்டுக்கும் நடுவே ரெசிஸ்டன்ஸ் பேண்டையோ (உடற்பயிற்சிக்கு இழுக்கும் ரப்பர் பட்டை) பழைய சைக்கிள் டியூபையோ இழுத்துக் கட்டுங்கள். பிள்ளை அதைக் காலால் தள்ளும், உதைக்கும், மேலே பாதத்தை வைத்து அழுத்தும். மேலே கை எழுதிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் காற்றடித்த தட்டையான இருக்கை மெத்தையும் உண்டு. அதை நிறையக் காற்றடித்துக் கொடுத்தால் சமநிலை பிடிப்பதே வேலையாகிவிடும், பாதியளவு போதும்.

விரல்களுக்கு நடுவே பிடித்துச் சுழற்றும் ஸ்பின்னரை நான் பரிந்துரைப்பதில்லை. வேகம் குறைய ஆரம்பித்ததும் கண் தானாகக் கைக்குப் போகும், மறுபடி சுழற்றியதும் இன்னும் ஒருமுறை பார்க்கும். ஏடிஹெச்டி (ADHD, கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த நிலை) உள்ள சிறு பிள்ளைகளிடம் வகுப்பறையில் ஸ்பின்னரை வைத்து நடந்த ஆய்வொன்றில், ஆரம்பத்தில் உடல் அசைவு குறைந்தது, ஆனால் கவனம் பிசகுவது கூடியது. உட்கார்ந்திருப்பதையும் கவனிப்பதையும் நாம் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது.

5. வாங்கும் முன் வீட்டுப் பொருளில் சோதியுங்கள்

நீங்கள் யூகித்த அசைவு சரிதானா என்று செலவில்லாமல் பார்த்துவிடலாம். அமுக்குவதற்கு இறுக்கச் சுருட்டிய காலுறை. தேய்ப்பதற்குப் பழைய துண்டின் ஒரு கீற்று. முறுக்குவதற்குத் தலைமுடி ரப்பர் வளையம், அதைக் கடிக்காத பிள்ளையாக இருந்தால் மட்டும். மூன்று நாள் கொடுத்துப் பாருங்கள். காலுறையைத் தொடவே இல்லை என்றால் நல்ல பந்து வாங்கினாலும் அதே கதிதான். மறுபடி 2-ஆம் படிக்குப் போங்கள்.

பலூனில் மாவு அடைத்துப் பந்து செய்யும் வழக்கம் இருக்கிறது. 8 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதைச் செய்யாதீர்கள். கிழிந்த பலூன் துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டு மூச்சை அடைக்கும்.

6. கையில் எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள்

பார்க்காமல் செய்ய முடிகிறதா? பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேசிப் பாருங்கள். உங்கள் கண்ணே கீழே போனால் பிள்ளையின் கண் கட்டாயம் போகும். மின்னும் விளக்கு, ஓடும் நிறங்கள், உள்ளே மிதக்கும் ஜிகினா எல்லாம் இங்கேயே அடிபட்டுவிடும்.

சத்தம் வருகிறதா? கடையில் அமைதியாகத் தெரியும் பொம்மை மர மேசையில் வைத்து அழுத்தினால் சொடக்குப் போடும். குமிழ்களை அமுக்கும் பாப்-இட் வகையும், பக்கத்துக்குப் பக்கம் பித்தான்கள் நிறைந்த கனசதுர க்யூபும் இப்படித்தான். க்யூபில் ஒரு பக்கம் சத்தமில்லாமல் இருந்தால் போதும் என்று வாங்குவார்கள், பிள்ளை சத்தம் வரும் பக்கத்தைத்தான் கண்டுபிடிக்கும்.

முடிவு இருக்கிறதா? ரூபிக்ஸ் க்யூப், புதிர் வளையம், கட்டிச் சேர்க்கும் துண்டுகள் எல்லாவற்றிலும் எட்ட வேண்டிய ஓர் இலக்கு உண்டு. இலக்கு இருந்தால் மனம் அதற்குள் போய்விடும். நல்ல விளையாட்டுப் பொருள்கள்தான், ஆனால் விளையாடும் நேரத்துக்கு. நமக்கு வேண்டியது ஆரம்பமும் முடிவும் இல்லாத, திரும்பத் திரும்ப ஒன்றையே செய்கிற பொருள்.

7. பாதுகாப்பு: இதில் சமரசம் வேண்டாம்

காந்த உருண்டைகள் வேண்டவே வேண்டாம். இரண்டு காந்தங்கள் வயிற்றுக்குள் போனால் குடலின் இரு மடிப்புகளைச் சேர்த்து இழுத்துப் பிடித்து, சுவரைத் துளைத்துவிடும். அறுவைச் சிகிச்சை வரை போகும்.

வட்ட பித்தான் பேட்டரி உள்ள பொம்மை என்றால் மூடியில் திருகாணி இருக்க வேண்டும். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே கடுமையாக அரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். காந்தத்துக்கும் இதே விதி.

தண்ணீரில் ஊறிப் பருக்கும் மணிகள் அடைத்த பந்தும் வேண்டாம். பந்து கிழிந்து அந்த மணிகளை விழுங்கினால் குடலில் ஊதி அடைத்துக்கொள்ளும். ஜெல் நிரப்பிய பந்தை மென்மையாக்க மைக்ரோவேவில் சூடாக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அது வெடித்தால் முகமும் கையும் வெந்துவிடும். வாங்கும் அன்றே பிள்ளையிடம் சொல்லிவையுங்கள்.

ரப்பர் ஒவ்வாமை இருந்தால் லேடெக்ஸ் பந்தைத் தவிருங்கள். கழுத்தில் மாட்டும் கடிபொம்மை என்றால், இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். கடிக்கும் பொம்மையைத் தினமும் கழுவி, பல் பதிந்த இடத்தில் பிளவு தெரிந்தால் அன்றே தூக்கிப் போடுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் எந்தப் பொம்மையும் வேலை முடிந்ததும் எட்டாத இடத்துக்குப் போக வேண்டும்.

8. ஒன்றே ஒன்றைக் கொடுங்கள், வேலை இல்லாத நேரத்தில்

பத்துப் பன்னிரண்டு சேர்ந்த பெட்டியாக விற்பதை வாங்கி மேசையில் கொட்டினால், எதை எடுக்கலாம் என்று பார்ப்பதே விளையாட்டாகிவிடும். எது உதவியது என்று உங்களுக்கும் தெரியாது.

முதல் அறிமுகம் வீட்டுப்பாட நேரத்தில் வேண்டாம். மாலையில் கொடுத்து அரை மணி நேரம் இஷ்டம்போல் விளையாட விடுங்கள். இழுத்துப் பார்க்கட்டும், எறிந்து பார்க்கட்டும். அந்த ஆர்வம் அங்கேயே கொஞ்சம் தணிந்துவிட்டால் பாடத்தின்போது குறுக்கே வராது.

பிறகு மூன்று விதிகளைச் சொல்லுங்கள். கையில் இருக்கும், கண்ணில் இருக்காது. மடியிலோ மேசைக்கு அடியிலோதான் இருக்கும். எறிந்தாலோ அடுத்தவரைத் தொட்டாலோ இன்றைக்கு உள்ளே போய்விடும், நாளை திரும்ப வரும்.

மூன்றாவது விதியைச் சொல்லும் தொனி முக்கியம். அது தண்டனையாகக் கேட்கக் கூடாது. “சமத்தாக இருந்தால் தருவேன்” என்று பரிசாகவும் ஆக்காதீர்கள். நெளியும் பிள்ளைக்குத்தான் அது தேவை. நெளியாமல் இருந்தால்தான் கிடைக்கும் என்றால் தேவைப்படும் நேரத்தில் கிடைக்கவே கிடைக்காது.

அண்ணனோ தங்கையோ “எனக்கும்” என்று வந்தால் அவர்களுக்கும் ஒன்று கொடுத்துவிடுங்கள். சண்டை போட்டுக்கொண்டு யாரும் படிக்க முடியாது.

9. வேலை செய்கிறதா என்று அளந்து பாருங்கள்

முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிள்ளை சந்தோஷமாக இருப்பதும் கவனம் கூடுவதும் ஒன்றல்ல. முதல் இரண்டு மூன்று நாள் புதுமை வேகத்தில் எல்லாமே நன்றாகத் தெரியும், அந்த நாள்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அதன் பிறகு இரண்டு வாரம், ஒரு நாள் பொம்மையோடு, மறுநாள் இல்லாமல் என்று மாற்றி மாற்றி வையுங்கள். ஒரே மணி, ஒரே மாதிரி வேலை, 15 நிமிடம். எத்தனை தடவை கூப்பிட்டு வேலைக்குத் திருப்ப வேண்டியிருந்தது, முதல் முறை எத்தனையாவது நிமிடத்தில் எழுந்தது, எவ்வளவு வேலை முடிந்தது என்ற மூன்றையும் குறியுங்கள். பொம்மை உள்ள நாள்களில் கூப்பிட வேண்டியது குறைந்து, எழுவது தள்ளிப்போய், வேலை தெளிவாகக் கூடியிருந்தால் தொடருங்கள். வித்தியாசமே இல்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

எண்களோடு கூடவே கையையும் கண்ணையும் பாருங்கள். பொருந்திய பொம்மை என்றால், நீங்கள் கதை வாசிக்கும்போது பிள்ளையின் கட்டைவிரல் புட்டிக்குள் மெல்ல இறங்கி ஏறும், கண் உங்கள் முகத்திலோ பக்கத்திலோ இருக்கும், நடுவில் “அப்புறம்?” என்று கேட்கும். பொருந்தாத பொம்மை என்றால் அதே புட்டி ஐந்து நிமிடத்தில் பாம்பாகவும் பந்தாகவும் மாறியிருக்கும்.

எல்லாப் பிள்ளைக்கும் அசைவு உதவாது. ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளில் அதிகம் அசையும்போது வேலைசெய் நினைவாற்றல் (செய்துகொண்டிருக்கும் வேலைக்கான தகவலைக் கொஞ்ச நேரம் மனதில் வைத்திருக்கும் திறன்) மேம்பட்டதாகவும், அது இல்லாத பிள்ளைகளிடம் நேர்மாறாக இருந்ததாகவும் 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு உதவியது என்பதை வைத்து வாங்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். அளந்து பார்த்தால் உங்கள் பிள்ளை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

10. பள்ளிக்கு அனுப்பும் முன் ஆசிரியரிடம் பேசுங்கள்

சொல்லாமல் பையில் போட்டு அனுப்பினால் முதல் நாளே பறிமுதல்தான், அந்த அவமானம் பிள்ளைக்கு. வீட்டில் எடுத்த குறிப்பைக் காட்டி, எந்த நேரத்துக்கு, என்ன விதிகளோடு என்று சொல்லுங்கள். ஆசிரியருக்குத் தொந்தரவு என்று தோன்றினால் எடுத்து வைத்துவிடும் உரிமையையும் அவரிடமே கொடுங்கள். அப்படிக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

வகுப்புக்கு மேசைக்கு அடியில் ஒட்டும் வெல்க்ரோவும் நாற்காலிப் பட்டையும்தான் முதல் தேர்வு. யாரும் கவனிக்க மாட்டார்கள், “இது ஏன் அவனுக்கு மட்டும்?” என்ற கேள்வியும் வராது. புட்டி வகுப்புக்கு வேண்டாம், முடியிலும் துணியிலும் ஒட்டும்.

11. பலன் தேய்ந்தால் என்ன செய்வது

சில வாரங்களில் பொம்மை அலுத்துவிடுவது சகஜம். அதே அசைவில் வேறொரு பொருளுக்கு மாற்றுங்கள், பழையதை ஒளித்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து எடுத்தால் மறுபடி வேலை செய்யும். அசைவின் வகையையே மாற்றத் தேவையில்லை.

உட்காருவதற்கு முன் பத்து நிமிடம் உடம்புக்கு வேலை கொடுப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவரைத் தள்ளுவது, புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி இறங்குவது, தவளைத் தாவல். பல பிள்ளைகளுக்குப் பொம்மையைவிட இதுதான் கூடுதலாக உதவுகிறது, அதை நான் தயங்காமல் சொல்வேன்.

எல்லாம் செய்தும் மாற்றம் இல்லை, துறுதுறுப்பு வீட்டிலும் பள்ளியிலும் 6 மாதத்துக்கு மேலாக நீடிக்கிறது, படிப்பையோ நட்பையோ கெடுக்கிறது என்றால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். அவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடமோ (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் நிபுணர்) குழந்தை மனநல மருத்துவரிடமோ அனுப்பக்கூடும். போகும்போது அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். எப்போது, எந்த இடத்தில், என்ன செய்யும்போது என்றுதான் அவர்களும் முதலில் கேட்பார்கள்.